இலவசத்தைத் திருடியது யார்?

சனிக்கிழமை, காலை மணி எட்டேகால்.

மலாக்காவில், புக்கிட் காத்தில் என்ற வீடமைப்புப் பகுதியில், மூலை வீட்டின் பின்னறையில் ஒரு கணினி திறந்து கிடந்தது. கழற்றிய மேல்மூடி சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்த இடம் காலி. அதைப் பிடித்திருந்த திருகுகள் ஒரு போத்தல் மூடிக்குள் ஒன்றுகூடச் சிதறாமல் கிடந்தன.

ஜன்னலில் சாய்த்துச் செருகியிருந்த நாக்கோ கண்ணாடிப் பட்டைகளில் மூன்றைக் காணவில்லை. அவை வெளியே துணி துவைக்கும் கல்லின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

வீட்டுக்காரர் கிளீட்டஸ் அறைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றார். தொலைபேசி இலாகாவில் டெக்னீஷனாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி அக்னஸ் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். கிளீட்டஸ் செய்த முதல் போன் போலீசுக்கு அல்ல, தேவமலருக்கு.

தேவமலர் பத்து பெராண்டாமில் ஒரு சிப் தொழிற்சாலையில் நிரந்தர இரவு ஷிப்ட். பாலிடெக்னிக்கில் பாதியில் நின்றவள். ஏன் நின்றாய் என்று கேட்பவர்களிடம் பிடிக்கவில்லை என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள். பகலில் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு லினக்ஸ் நிரல் எழுதுவாள். கணினித் தமிழ் ஆர்வலர்களின் மின்னஞ்சல் குழுவில் அவள் 'தே. மலர்' என்று கையெழுத்திடுவதில்லை, 'தே.ம.' என்றுதான். கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் அவளை நாற்பது வயது ஆண் என்று நினைத்துப் பணிவாகப் பதில் எழுதினார்கள். அவள் திருத்தவில்லை.

அவளுக்கு அபிப்பிராயங்கள் அதிகம். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாத மென்பொருள், மூடிய பாத்திரத்தில் பரிமாறிய குழம்பு என்று ஒருமுறை எழுதினாள். நல்ல மனிதர் எழுதியது என்பதற்காக ஒரு வரியையும் ஏற்கக் கூடாது, படித்துப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்று அடிக்கடி எழுதினாள். அவளைப் பலருக்குப் பிடிக்காது. அவளுடைய திருத்தங்கள் இல்லாமல் யாருடைய நிரலும் ஓடாது.

அது 1999, ஆகஸ்ட் மாதம். அந்தப் பின்னறையில் நான்கு பேர் இரண்டு வருடமாக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார்கள். லினக்ஸில் தமிழ் தட்டச்சு செய்ய ஒரு நிரலும் அதற்கு ஓர் எழுத்துருவும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம். மறுநாள் ஞாயிறு அன்று முழுவதையும் இணையத்தில் ஏற்றுவதாக இருந்தார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ் சார்ஜன் கந்தசாமிக்கு இதைப் புரியவைக்கக் கிளீட்டஸுக்கு வெகு நேரம் ஆனது. புரிந்தபின் சார்ஜன் கேட்ட முதல் கேள்வி சரியான கேள்வி.

"நாளைக்கு ஓசில குடுக்கப் போறீங்க. அத இன்னிக்கு ஏன்யா ஒருத்தன் திருடணும்?"

கிளீட்டஸ் அக்னஸைப் பார்த்தார்.

தேவமலர் தொழிற்சாலைச் சட்டையோடு வந்து சேர்ந்தபோது அறையில் சார்ஜன் ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். கிளீட்டஸும் அக்னஸும் முந்தின நாள் மாலை கோயிலுக்குப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நவநாள் பூசை. திரும்பி வந்து பின்னறையை எட்டிப் பார்க்காமல் படுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் யாரோ கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான் என்பது சார்ஜனின் கணக்கு. போதைப் பித்தன் எவனாவது இருக்கும் என்றார்.

தேவமலர் திறந்த கணினிக்குள் குனிந்து பார்த்தாள்.

"சார், ரேம் அப்படியே இருக்கு."

"அப்படின்னா?"

"கம்ப்யூட்டர் திருடறவன் மொதல்ல ரேமைத்தான் புடுங்குவான். சட்டைப் பைல போட்டுக்கலாம், எந்தக் கடையிலயும் வாங்குவாங்க. பழைய டிஸ்க்கை எவன் வாங்குவான்?"

அவள் ஜன்னலருகே போனாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை. அதன் மேல் ஒரு பழைய பச்சைத் திரை முனையம். சொந்தமாக யோசிக்கத் தெரியாத பெட்டி அது. கணினியோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும், கணினி அனுப்புவதைக் காட்டும், அவ்வளவுதான். இலாகாவில் கழித்துப் போட்டதைக் கிளீட்டஸ் எடுத்து வந்திருந்தார். எப்போதும் அதில்தான் வேலை செய்வார். திரை தேய்ந்துவிடும் என்று வேலை முடிந்ததும் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்து வைப்பார், அணைக்கமாட்டார்.

அந்த முனையத்தின் மேலும் ஜன்னலை ஒட்டிய மேசை விளிம்பிலும் தூசு கலையாமல் இருந்தது.

"இந்த ஜன்னல் வழியா ஒருத்தன் எறங்கியிருந்தா இது மேலதான் கால வைக்கணும்," என்றாள்.

பிறகு முனையத்தின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. வெளிச்சத் திருகைத் திருப்பினாள். கறுத்துக் கிடந்த திரையில் பச்சை எழுத்துகள் மெல்லத் தெரிந்தன. கிளீட்டஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். நிறுத்தப்படப் போகிறேன் என்று கணினி, தன்னோடு இணைந்த திரைகளுக்கெல்லாம் அனுப்பும் வழக்கமான அறிவிப்பு அது. தலைமைக் கடவுச்சொல் தெரிந்த ஒருவர் கணினியின் எதிரில் உட்கார்ந்து, அதை முறைப்படி நிறுத்தியிருக்கிறார்.

கிளீட்டஸின் முகம் மாறியதை அக்னஸ் முதலில் பார்த்தார்.

லினக்ஸ்காரர்கள் கணினியை அப்படியே பிளக்கைப் பிடுங்கி அணைக்கமாட்டார்கள். அணைத்தால் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருப்பது அறுந்து, கோப்புகள் கெட்டுப்போகும். முதல் வாரத்தில் ஒருமுறை கெடுத்துத் திட்டு வாங்கியவனுக்கு அந்தப் பழக்கம் பிறகு விடாது. வெளியாள் எவனும் அப்படிச் செய்யமாட்டான். வெளியாளுக்குக் கடவுச்சொல்லும் தெரியாது.

தேவமலர் இதைச் சார்ஜனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். மறைத்து வைப்பது அவள் வழக்கம் அல்ல.

"அப்ப உள்ளாள்," என்றார் சார்ஜன். அவர் குரலில் சுறுசுறுப்பு வந்துவிட்டது. "சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

நான்கு பேரிடம். கிளீட்டஸ், தேவமலர், பாயா ரும்புட்டில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் பரமேஸ்வரன், லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து வரும் ஃபிரெடி.

"நீ நேத்து எங்கம்மா இருந்த?"

"வேலையில. கார்டு தட்டினது இருக்கும், போன் போட்டுக் கேளுங்க."

சார்ஜன் அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கிளீட்டஸ் பக்கம் திரும்பினார். கிளீட்டஸ் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த சண்டையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சண்டை ஃபிரெடியால் வந்தது. இருபத்துநான்கு வயது, ஹார்ட் டிஸ்க் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. குழுவில் அவன் வேலை சோதித்துப் பார்ப்பது. ஒவ்வொரு பதிப்பையும் வீட்டுக்கு எடுத்துப் போய் எங்கே உடைகிறது என்று பார்ப்பான். அன்று வந்ததிலிருந்தே பொறுமை இல்லை. இன்னும் எதற்கு ஒரு வாரம், இப்போதே ஏற்றிவிடலாம் என்றான். எழுத்துருக் கோப்பில் வேண்டாத குப்பை நிறைய இருக்கிறது, பாதி வரைந்த குறிகள், கடைசிக் கட்டத்தில் ஆமை மாதிரி என்னவோ, மூல வரைபடங்களைக் கொடுத்தால் நானே துப்புரவாக்கித் தருகிறேன் என்றான். எழுத்துருவை வரைந்தவர் பரமேஸ்வரன். தூரிகையால் தாளில் எழுதி, ஸ்கேன் செய்து, அதன்மேல் வளைவு வரைந்ததாகச் சொல்வார். தாள்களை அப்போதே எறிந்துவிட்டேன், ஸ்கேன் செய்த படங்கள் பெரியவை, டிஸ்கெட்டில் அடங்காது, கணினியில் மட்டும்தான் இருக்கின்றன, ஞாயிறு அன்று எல்லாம் சேர்ந்தே போகும் என்று அவர் சொன்னார். ஃபிரெடி கத்தினான். கொடுக்காவிட்டால் டிஸ்க்கையே கழற்றிக்கொண்டு போய் நானே ஏற்றிவிடுவேன் என்றான்.

"டிஸ்க்கையே கழட்டிக்கிட்டுப் போவேன்னு," என்று சார்ஜன் திருப்பிச் சொன்னார்.

"கோவத்துல சொன்னான் சார்," என்றார் கிளீட்டஸ்.

"டிஸ்க் பேக்டரியில வேல செய்றவன். கழட்டத் தெரியும். சாவி இருக்கு, பாஸ்வேர்டு இருக்கு." சார்ஜன் தொப்பியை எடுத்துக்கொண்டார். "நான் இன்னிக்கே அவன் வீட்டுக்குப் போறேன். திங்கக்கெழம காலையில அவன் பேக்டரிக்குப் போன் பண்ணியாகணும். அங்கயும் ஏதாச்சும் காணாமப் போயிருக்கான்னு கேக்கணும்ல."

தேவமலருக்கு அந்தப் போனின் அர்த்தம் தெரியும். அந்தத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வெளியேறும்போது காலணியைக் கழற்றிக் காட்ட வேண்டும். டிஸ்க் திருட்டு, போலீஸ், பெயர். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் விசாரணை இருக்காது. அன்றே அனுப்பிவிடுவார்கள். வேறு எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது. அவன் அம்மா ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டி முழங்கால் போய் வீட்டில் இருக்கிறார்.

அவனைப் பிடித்துக் கொடுத்தது பச்சைத் திரை. அதைக் காட்டியது அவள்.

அன்று மதியமே கிளீட்டஸ் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதிவிட்டார். டிஸ்க் திருடு போய்விட்டது, உறுப்பினர் ஒருவர் மேல் சந்தேகம், போலீஸ் விசாரிக்கிறது, வெளியீடு தள்ளிவைக்கப்படுகிறது. பெயர் எழுதவில்லை. தேவையும் இல்லை. சண்டையை ஃபிரெடி ஏற்கனவே குழுவில் எழுதியிருந்தான். மாலைக்குள் டொரான்டோவிலிருந்து ஒருவர் 'எங்களுக்கு முன்பே தோன்றியது' என்று எழுதினார். பரமேஸ்வரனுக்கு ஆறுதல் சொல்லிப் பல கடிதங்கள் வந்தன. அவருடைய கையெழுத்து அழிந்துபோனதே என்று ஒரு பெண் வருந்தியிருந்தாள்.

தேவமலர் தூங்கவில்லை. சார்ஜனின் கேள்வியை மீண்டும் எடுத்தாள். நாளைக்கு இலவசமாகக் கிடைக்கப்போவதை இன்று திருடுவது யார்?

கொடுக்கக் கூடாது என்று நினைப்பவன். அப்படி ஒருவர் மலாக்கா டவுனில் இருந்தார்.

மாலை மணி நான்கு.

ஜெயமணியின் கடை நகைக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் இருந்தது. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அவரே செய்தது, அவரே விற்பது. மலாக்காவில் கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ் அடிக்கிற எல்லாரும் அவரிடம்தான் வாங்கினார்கள். திறந்து பார்க்க முடியாத மென்பொருள் என்று தேவமலர் அவரைக் குழுவில் பலமுறை கிழித்திருக்கிறாள்.

அவர் அவளை உட்காரச் சொன்னார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மங்குத் தட்டில் தண்ணீர், அதில் ஓர் ஆமை. அவள் பார்ப்பதைக் கண்டு, அது மகள் பவானேஸ்வரி வளர்ப்பது என்றார். சின்ன வயதில் அவள் வீட்டுச் சுவர் முழுக்க அதைத்தான் கிறுக்குவாளாம். கால் மூன்றுதான் போடுவாளாம். நாலாவது எங்கே என்று கேட்டால் ஓட்டுக்குள் இருக்கிறது என்பாளாம்.

தேவமலர் தான் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"நான் ஏம்மா திருடணும்? நீங்க ஓசில குடுங்க. ஓடலைன்னா ரிப்பேருக்கு எங்கிட்டதானே வருவாங்க."

"நாங்க குடுத்தா உங்க சரக்க யாரு வாங்குவா?"

"வாங்க மாட்டாங்க. அதுக்கு உங்க டிஸ்க் ஒன்ன எடுத்தா போதுமா? இன்னொரு காப்பி இருக்காதா? நீங்கதான் எல்லாத்தையும் எல்லாருக்கும் குடுக்கற ஆளுங்களாச்சே."

அவள் எழுந்துவிட்டாள். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது அந்தக் கடைசி வார்த்தை கூடவே வந்தது. இன்னொரு காப்பி இருக்காதா? இருந்தது. கிளீட்டஸ் எழுதிய பகுதி அவளிடம் இருக்கிறது. அவள் எழுதியது ஃபிரெடியிடம் இருக்கிறது. எழுத்துருக் கோப்பும் ஃபிரெடியிடம் இருக்கிறது. டிஸ்க் போனதால் நாள் தள்ளிப்போனது, பயம் வந்தது. எதுவும் உலகத்திலிருந்து மறையவில்லை. ஒன்றைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து.

லூபோக் சீனாவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய, தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளில் கடைசி வீடு. ஃபிரெடியின் அம்மா கதவைத் திறந்தார், வழிவிடவில்லை.

"நேத்துப் போலீஸ் வந்து அரிசி மூட்டயக்கூடக் கொட்டிப் பாத்துட்டான். இன்னிக்கு நீ என்னத்தத் தேட வந்த?"

"ஒன்னும் தேடலங்க ஆன்ட்டி. அவன் கம்ப்யூட்டரப் பாக்கணும்."

உள்ளேயிருந்து ஃபிரெடி விடச் சொன்னான். அவன் சவரம் செய்யவில்லை. முந்தின நாள் அவனாகவே வேலைக்குப் போகவில்லை. அவள் எதையும் கேட்பதற்கு முன்பே பேசினான்.

"கிளீட்டஸ் அங்கிள் போன்ல கேட்டாரு, 'குடுத்துரு ஃபிரெடி, யாருக்கும் சொல்ல மாட்டோம்'னு. நீங்களும் அதான் சொல்ல வந்தீங்களாக்கா?"

"நீ எடுத்தியா?"

"இல்ல."

"சரி. ஃபான்ட் ஃபைல் தொற."

அவன் அவளைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் திறந்தான். எழுத்துரு என்பது வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வடிவம். விசை அழுத்தினால் அந்தக் கட்டத்திலிருந்து வடிவம் எழும்பி வரும். சில கட்டங்களை எந்த விசையும் தொடாது. அவற்றில் இருப்பதைத் தட்டச்சு செய்யவே முடியாது. கோப்பை இப்படித் திறந்து கட்டம் கட்டமாகப் பார்க்கிறவன் மட்டுமே பார்ப்பான். குழுவில் அதைச் செய்தவன் ஃபிரெடி ஒருவன்தான். அவளுடைய நிரலை எல்லாரும் படித்தார்கள், கிளீட்டஸ் எழுதியதை அவள் வரி வரியாகப் படித்தாள். எழுத்துருவை யாரும் படிக்கவில்லை. அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

அவள் கீழே, கீழே என்று போகச் சொன்னாள். கடைசிக் கட்டம் வந்தது. அவள் திரைக்கு அருகில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதப் பத்திக் கேட்டப்ப பரமேஸ் அண்ணன் என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. நீங்களும் அங்கதானே இருந்தீங்க."

"இத ஒரு டிஸ்கெட்ல போடு. சட்டைய மாத்திக்கிட்டு வா. பாயா ரும்புட் போறோம்."

"நான் எதுக்கு?"

"உன்னத் திருடன்னு எழுதியாச்சு. இல்லன்னு சொல்றப்ப நீ எதிர்ல இருக்கணும்."

மதியம் மணி இரண்டு.

பரமேஸ்வரனின் அச்சுக்கூடம் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். ஞாயிறு என்பதால் இயந்திரம் ஓடவில்லை. கல்யாணக் கார்டுகள் மை காய்வதற்காகப் பரப்பிக் கிடந்தன. தேவமலர் போன் செய்து வரச் சொன்னதால் சார்ஜன் கந்தசாமி வந்திருந்தார், கிளீட்டஸும் வந்திருந்தார். ஃபிரெடியைப் பார்த்ததும் கிளீட்டஸ் கண்களைக் கார்டுகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பரமேஸ்வரன் எல்லாருக்கும் குளிர்பானம் ஊற்றினார். நாற்பத்தைந்து வயது, மெதுவான குரல். ஃபிரெடிக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

தேவமலர் உட்காரவில்லை.

"சார், நீங்க கேட்டீங்க, ஓசில குடுக்கறத ஏன் திருடணும்னு. எடுத்தவனுக்கு அது வேணும்னு நெனச்சோம். அதான் தப்பு. அவனுக்கு அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான். புரோகிராம் எல்லாத்துக்கும் வெளிய காப்பி இருக்கு. ஃபிரெடிக்கு அது தெரியும், அவன்கிட்டதான் பாதி இருக்கு. இப்பவே ஏத்தணும்னு கத்துனவன் ஏத்தறத நிறுத்துவானா? டிஸ்க் போனதால ஒரே ஒரு பொருள்தான் இல்லாமப் போச்சு. பரமேஸ் அண்ணன் வரைஞ்ச படம்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்," என்றார் பரமேஸ்வரன். "ரெண்டு வருஷ ஒழப்பு போச்சு."

"யாராச்சும் பாத்துருக்காங்களா அண்ணே, அந்தப் படத்த?"

அவர் கிளீட்டஸைப் பார்த்தார். கிளீட்டஸ் இல்லை என்று தலையசைத்தார். கேட்கத் தோன்றியதே இல்லை என்றார்.

"உங்க கம்ப்யூட்டரப் போடுங்க."

"எதுக்கு?"

"ஜெயமணி சாப்ட்வேர் வச்சிருக்கீங்கல்ல. கார்டு அதுலதானே அடிக்கிறீங்க."

பரமேஸ்வரன் அசையவில்லை. சார்ஜன் எழுந்து போய்த் தானே கணினியை முடுக்கினார். ஜெயமணியின் நிரலைத்தான் திறக்க முடியாது, எழுத்துருக் கோப்பைப் பார்க்கலாம். தேவமலர் அதைத் திறந்து, கட்டங்களை வரிசையாகக் காட்டி, கடைசிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஓர் ஆமை இருந்தது. ஒரு குழந்தை கிறுக்கிய மாதிரி. ஓடு, தலை, மூன்று கால்.

"இது ஜெயமணி மக சின்ன வயசுல வரைஞ்சது. அப்பன் எடுத்து யாரும் அமுத்த முடியாத எடத்துல வச்சிருக்காரு. ஆசைக்கு வச்சாரோ, திருடனப் புடிக்க வச்சாரோ, தெரியல."

ஃபிரெடியின் டிஸ்கெட்டைப் போட்டாள். தங்கள் எழுத்துரு, அதே கடைசிக் கட்டம். அதே ஆமை. மூன்று கால்.

"எழுத்த ஒரே மாதிரி ரெண்டு பேர் வரையலாம். 'அ' எல்லாருக்கும் 'அ'தான். ஆமைய, அதுவும் இந்த ஆமைய, அண்ணன் எப்படி வரைஞ்சாரு? ஃபிரெடி அன்னிக்கு இதக் குப்பைன்னு சொன்னான். நாங்க சண்டையத்தான் கேட்டோம், ஆமையக் கேக்கல. கேட்டது ஒருத்தர்தான். அவரு ஒன்னும் சொல்லல. ஞாயித்துக்கெழம மூலப் படத்தக் குடுத்தாகணும். குடுக்க ஒன்னும் இல்ல. படம் தொலைஞ்சாதான் படம் இருந்துச்சுன்னு ஆகும்."

சார்ஜன் பரமேஸ்வரனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம கிளீட்டஸ் அங்கிள் கோயிலுக்குப் போவாருன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள். "ஃபிரெடி சொன்ன வார்த்தையும் தெரியும். எனக்கு ஒன்னுதான் புரியல. தொலைக்கத்தானே எடுத்தீங்க, வெளியாள்னு காட்டத்தானே கண்ணாடியக் கழட்டி வச்சீங்க. பிளக்கப் புடுங்கிருந்தா, வெளியாள்னு நானே சொல்லிருப்பேன். எதுக்கு ஒழுங்கா நிறுத்துனீங்க?"

பரமேஸ்வரன், ஃபிரெடி வாங்காத கிளாஸை நகர்த்தி வைத்தார்.

"கிளீட்டஸ் அண்ணன் எழுதினது அதுல ஓடிக்கிட்டு இருந்துச்சுலா. கெட்டுப் போயிருமே."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஆரம்பத்தில் வரையத்தான் நினைத்தாராம். வளைவு வரவில்லை. தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஜெயமணியுடையதை எடுத்துக் கொஞ்சம் பருமன் மாற்றிப் போட்டாராம். முதல் வாரமே எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. கார்டு அடிக்கிறவனுக்கு யார் பாராட்டு எழுதுவார்கள்? பிறகு சொல்ல முடியவில்லை. கடைசிக் கட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. ஃபிரெடி சொன்னபிறகுதான் பார்த்தார்.

டிஸ்க் அச்சுக்கூடத்திலேயே இருந்தது, துண்டில் சுற்றி, மை டின்களுக்குப் பின்னால். ஆற்றில் போடத்தான் நினைத்தாராம்.

கிளீட்டஸ் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சார்ஜனிடம் சொன்னார். சார்ஜன், அது உங்கள் இஷ்டம், ஆனால் ஸ்டேஷனுக்கு வந்து யார் எடுத்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெறுங்கள் என்றார். திங்கட்கிழமைப் போன் இனி இல்லை. போகும்போது ஃபிரெடியின் தோளைத் தட்டப் போனார். அவன் விலகிக்கொண்டான்.

"இது நம்ம நாலு பேரோட இருக்கட்டுமே மலர்," என்றார் பரமேஸ்வரன். "மெயில் குரூப்ல போடாத. எனக்கு அது மட்டும்தான் இருக்கு."

"இவன் பேரு நேத்தே அங்க நாறிப் போச்சு அண்ணே. அத வேற எங்க வச்சுக் கழுவறது?"

அவள் அன்று மாலையே எழுதினாள். யார், எதை, ஏன், எப்படித் தெரிந்தது. சுருக்கமாக, பெயரோடு. அந்த எழுத்துருவை அனைவரும் நீக்கிவிட வேண்டும், அது ஜெயமணியுடையது என்றும் எழுதினாள். டொரான்டோக்காரர் பதில் எழுதவில்லை.

மறுநாள் ஃபிரெடி வேலைக்குப் போனான். வேலைக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் கிளீட்டஸ் காத்திருந்தார். மன்னிப்புக் கேட்டார். ஞாயிறு வா, புது எழுத்து வரைய ஆரம்பிக்கலாம் என்றார். ஃபிரெடி அவர் வீட்டுச் சாவியைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினான்.

மூன்று மாதம் கழித்து இணையத்தில் ஒரு தமிழ் தட்டச்சு நிரல் வந்தது. பெயர் புதிது. கிளீட்டஸும் தேவமலரும் எழுதியதை அப்படியே எடுத்துத் தனியாகப் பிரித்து, வேறு திசையில் கொண்டுபோயிருந்தான் ஃபிரெடி. அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. யாரும் எடுக்கலாம் என்று எழுதி வைத்தவர்கள் அவர்கள்தான். எழுத்துரு அவனே வரைந்தது, கொஞ்சம் கோணல். அதனுடன் மூல வரைபடங்கள் அனைத்தும் இருந்தன.

உரிமத்தின்படி முன்பு எழுதியவர்களின் பெயர்கள் இருந்தாக வேண்டும். இருந்தன. நன்றி என்ற சொல் எங்கும் இல்லை.

தேவமலர் அதை இறக்கி, ஷிப்டுக்குக் கிளம்பும்வரை படித்தாள். ஓர் இடத்தில் பிழை இருந்தது. திருத்தி அவனுக்கு அனுப்பினாள்.

பதில் வரவில்லை. அடுத்த பதிப்பில் அந்தத் திருத்தம் இருந்தது.